ஸ்பிட்ஃபயரின் அடியில் யாருடைய டிஃபரன்ஷியல்?

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் கான்லி தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், மேலே பார்த்தால் ஸ்போர்ட்ஸ் கார். அடியில் பார்த்தால் பாதி ஹெரால்டு. 1959இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு ஒரு சாதாரணக் குடும்பக் கார். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானதும் அதன் வழி வந்ததுதான். ஹெரால்டின் சஸ்பென்ஷன் அமைப்பையும் டிஃபரன்ஷியலையும் எடுத்துக்கொண்டே ஸ்பிட்ஃபயர் உருவானது. இந்த உறவு வலுவாக இருப்பதால், இன்று ஓடும் ஸ்பிட்ஃபயர்களில் இருக்கும் டிஃபரன்ஷியல் அந்தக் காரோடு பிறந்ததா, வேறொரு காரிலிருந்து வந்ததா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது.

கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பிச் சக்கரங்களுக்கு அனுப்புவதும், திருப்பத்தில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவதும் டிஃபரன்ஷியலின் வேலை. அதோடு வேகத்தையும் அது குறைக்கிறது. புரொப்பல்லர் ஷாஃப்டின் நுனியில் உள்ள சிறிய பினியன், பெரிய கிரவுன் வீலைச் சுற்றுகிறது. கிரவுன் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் கிடைப்பதே விகிதம். 37 பல்லும் 9 பல்லும் சேர்ந்தால் 4.11.

ஸ்பிட்ஃபயரின் முதல் மூன்று மாடல்களுக்கும் இதே 4.11தான். 1970இல் வந்த மார்க் 4க்கு 3.89, கடைசியாக வந்த 1500க்கு 3.63. ஹெரால்டில் 948 சிசி எஞ்சின் கொண்ட முதல் வகைக்கு 4.875, ஹெரால்டு 1200க்கும் 13/60க்கும் மறுபடி 4.11. ஆறு சிலிண்டர் கொண்ட டிரையம்ஃப் ஜிடி6க்கு மட்டும் 3.27. இவை எல்லாவற்றிலும் டிஃபரன்ஷியல் பின் அச்சுக்குள் புதைந்திருப்பதில்லை. அது சேஸிஸில் போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் மேல் குறுக்காகப் பட்டை ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். அடிப்படை அமைப்பு ஒன்றே என்பதால், ஒரு காரிலிருந்து கழற்றியதைச் சிறு மாற்றங்களுடன் மற்றொன்றில் மாட்டிவிடலாம். பழையது ஊளையிடத் தொடங்கியதும், உடைக்கப்போகும் ஹெரால்டிலிருந்து மலிவாக ஒன்றை எடுத்து மாட்டியவர்கள் ஏராளம். நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாமல் ஓட வேண்டும் என்று வேண்டுமென்றே ஜிடி6இன் டிஃபரன்ஷியலைத் தேடி மாட்டியவர்களும் உண்டு.

ஆராய்ச்சியை டிஃபரன்ஷியலில் தொடங்குவதைவிடக் காரின் எண் பொறித்த கமிஷன் தகட்டில் தொடங்குவது நல்லது. இருக்க வேண்டியது எது என்று தெரியாமல், இருப்பது தவறு என்று சொல்ல முடியாது. தகட்டில் எண் எஃப்சி என்று தொடங்கினால் அது முதல் அல்லது இரண்டாம் மாடல். எஃப்டி என்றால் மூன்றாவது. எஃப்எச் என்பது மார்க் 4க்கும் இங்கிலாந்தில் விற்ற 1500க்கும் பொது. டிஃபரன்ஷியலின் இரும்புக் கூட்டிலும் இதே பாணியில் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். எஃப் ஸ்பிட்ஃபயருக்கு, ஜி ஹெரால்டுக்கு, எச் டிரையம்ஃபின் மற்றொரு காரான விட்டெஸுக்கு, கே ஜிடி6க்கு உரியவை. பல ஆண்டு எண்ணெயும் மண்ணும் சேர்ந்து இறுகிய படிவத்தை மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் கொண்டு தேய்த்த பிறகே அது கண்ணுக்குத் தெரியும்.

ஜி என்று இருந்தால் உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. ஹெரால்டு 1200இலிருந்து மூன்றாம் மாடல் ஸ்பிட்ஃபயருக்கு வந்த டிஃபரன்ஷியல் பதிவேட்டின்படி அந்நியம். ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் காட்டாது. எஃப் என்று இருந்தாலும் நிம்மதி இல்லை. கூடு ஸ்பிட்ஃபயருடையதாக இருக்க, எப்போதோ பழுது பார்த்தவர் உள்ளே வேறு கிரவுன் வீலும் பினியனும் போட்டிருக்கலாம். எழுத்து கூட்டுக்கு மட்டுமே சாட்சி.

புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் ஃபிளேஞ்சும் கவனிக்கத்தக்கது. ஆரம்பகால ஸ்பிட்ஃபயர்களில் அது சிறியது; ஜிடி6இல் பெரியது. இரண்டையும் சேர்க்க மறுபடி துளையிட்ட தடமோ, அரத்தால் ராவிய துளையோ தெரிந்தால் கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

விகிதத்தை அறிய எதையும் கழற்ற வேண்டியதில்லை. சுற்றுகளை எண்ணினால் போதும். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்கி, கீழே ஸ்டாண்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஒருபக்கச் சக்கரம் தரையில் நிற்கும்போது, தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் வீல் ஒரு சுற்று சுற்றும். இதை மறந்து ஒரே சுற்றுக்குக் கணக்கிடுபவர்களுக்கு 2.06 என்று வந்து தலை சுற்றும். இரு சக்கரங்களையும் தூக்கிவிட்டால் குழப்பம் வேறு விதம்: ஒன்றைச் சுற்ற மற்றது எதிர்த் திசையில் சுழலும், ஷாஃப்ட் அசையாமலே நிற்கும்.

டயரிலும் ஃபிளேஞ்சிலும் சாக்பீஸ் கோடு போட்டு, சக்கரத்தை ஒரே திசையில் சுற்ற வேண்டும். திசை மாற்றினால் பற்களுக்கு இடையிலான தளர்வு கணக்கைக் கெடுக்கும். இரண்டே சுற்றோடு நிறுத்துவதும் போதாது, 4.11க்கும் 3.89க்கும் இடையே ஷாஃப்டில் கால் சுற்றுக்கும் குறைவான வித்தியாசமே தெரியும். சக்கரத்தை 20 சுற்று சுற்றினால் ஐயத்துக்கு இடமில்லை: ஷாஃப்ட் 41 சுற்றைச் சற்றே தாண்டினால் 4.11, 39ஐ நெருங்கினால் 3.89, 36ஐக் கடந்து அரைச் சுற்றுக்குச் சற்று முன் நின்றால் 3.63, 33ஐ எட்டாமல் நின்றால் 3.27. கிட்டத்தட்ட 49 வந்தால் அது ஆரம்பகால ஹெரால்டின் 4.875.

காரை ஓட்டும்போதே சந்தேகத்தைக் கிளப்புவது ஸ்பீடோமீட்டர். அதன் கேபிள் கியர் பாக்ஸிலிருந்து வருவதால், பின்னால் விகிதம் மாறியது அதற்குத் தெரியாது. 4.11க்குக் கணக்கிட்ட மீட்டர் இருக்கும் காரில் 3.63 மாட்டினால், உண்மையில் 60 மைல் வேகத்தில் போகும்போது முள் 53இல் நிற்கும். ஜிபிஎஸ் காட்டும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் டயர் அளவு மாறியிருந்தாலும், மீட்டரே வேறு காருடையதாக இருந்தாலும் இதே பிழை வரும். ஆகவே இதைத் தடயமாகக் கொள்ளலாம். தீர்ப்பாகக் கொள்ள முடியாது.

உள்ளே இருக்கும் பற்களை நேரடியாக எண்ணுவது கடைசிச் சான்று. ஸ்பிட்ஃபயரில் அதற்கு ஸ்பிரிங்கை விடுவித்து டிஃபரன்ஷியலை முழுதாக இறக்க வேண்டியிருப்பதால், வேறு பழுதுக்காக அதைக் கழற்றும் நாள் வரை காத்திருப்பதே புத்திசாலித்தனம். கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாகவே பொருத்தப்படுபவை; ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் ஓசையே காட்டிக்கொடுக்கும்.

அந்நியம் என்று உறுதியான பிறகு அதைத் தூக்கி எறிய வேண்டுமா என்பது காரின் உபயோகத்தைப் பொறுத்தது. மூன்றாம் மாடலில் 3.63 இருந்தால், முன்பு 4,000 சுற்றில் ஓடிய எஞ்சின் அதே சாலை வேகத்தில் ஏறத்தாழ 3,530 சுற்றில் ஓடும். நெடும் பயணத்துக்கு அது வரம். மேட்டில் கிளம்பும்போதும் டாப் கியரில் முந்தும்போதும் இழுவை குறையும். கண்காட்சிக்கு நிறுத்தும் காருக்குப் பழைய எண்ணும் பழைய விகிதமும் தேவைப்படலாம். தினமும் ஓட்டும் காரில் ஸ்பீடோமீட்டரை மட்டும் புதிய விகிதத்துக்குத் திருத்திக்கொண்டு, கழற்றிய பழையதை எண்ணெய் பூசி எடுத்து வைப்பவர்களே அதிகம். விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.