இராமன் போட்ட ஒரு கோல்

தங்கவயலில் வாழும் நம் குடும்பங்களில் பந்துதைக்காத பிள்ளை அரிது. லைன் வீடுகளின் முன்னே ஒரு துண்டு வெளி கிடைத்தால் போதும்; கற்களை நட்டுக் கோல் அமைத்து, பொழுது சாயும்வரை சிறுவர் ஆடுவர். அப்பிள்ளைகளிடம் உலகப் பந்தாட்ட வீரர் பத்துப்பேரின் பெயரைக் கேட்டால் தடையின்றிச் சொல்வர். சாரங்கபாணி இராமன் யார் என்று கேட்டாலோ விழிப்பர். அவர்களுடைய பெற்றோரும் விழிப்பர். இக்குறையை எண்ணியே இன்று இதனை எழுதப் புகுந்தோம்.

இராமன் பெங்களூர் வீரர். 1948ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் இந்திய அணி பிரான்சு அணியை எதிர்த்தது. ஆட்டம் நடந்த இடம், மாநகரின் கிழக்கேயுள்ள இல்போர்டு என்னும் ஊர். நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறைவுறவில்லை. நாகர் இனத்தவரான டாக்டர் தாலிமேரன் ஆவ் தலைமை தாங்கினார். நம்மவருள் பெரும்பாலோர் பூட்ஸ் அணியாமல் வெறுங்காலுடனேயே களம் இறங்கியது கண்டு, கூடியிருந்த மக்கள் வியந்தனர்.

முப்பதாம் நிமிடத்தில் பிரான்சு ஒரு கோல் போட்டு முந்தியது. எழுபதாம் நிமிடத்தில் இராமன் பந்தை வலைக்குள் செலுத்தி ஆட்டத்தைச் சமன் செய்தார். ஒலிம்பிக் பந்தாட்டத்தில் இந்தியா போட்ட முதல் கோல் அதுவேயாகும். ஆயினும் இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு மீண்டும் ஒரு கோல் போட்டு, 2–1 என்ற கணக்கில் வென்றது. தோற்றபோதிலும் இந்திய அணி பாராட்டைப் பெற்றே திரும்பியது.

அந்த அணியில் இராமன் தனித்து நிற்கவில்லை. கோல்காப்பாளர் வரதராஜ், வஜ்ரவேலு, தன்ராஜ், அகமது கான் ஆகியோரும் பெங்களூர் தந்த வீரர்களே. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10–1 என்று தோற்றபோது, அந்த ஒரே கோலைப் போட்டவர் அகமது கான். ஆக, ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் இரண்டு கோல்களும் பெங்களூர் வீரர்களின் கால்களிலிருந்தே பிறந்தன. அத்தோல்விக்குப் பின்னரே நம் நாட்டில் பூட்ஸ் அணிதல் கட்டாயமாயிற்று. நான்கே ஆண்டுகளில், 1956ஆம் ஆண்டு மெல்போர்னில், இந்தியா ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4–2 என்று வென்று, முடிவில் நான்காம் இடம் பெற்றது. இராமன் காலத்தவர் வெறுங்காலால் இட்ட அடித்தளத்தின்மீதே அவ்வெற்றி எழுந்தது என்போம்.

இதில் தங்கவயலுக்கு என்ன உறவு என்று சிலர் வினவலாம். பெங்களூர்த் தண்டுப் பகுதியில் அல்சூர் முதலிய பேட்டைகளில் குடியேறிய தமிழரும், வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சுரங்க வேலைக்கு இங்கு வந்த நம் முன்னோரும் ஒரே நிலையினர். பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்தவர். ஆங்கிலேயர் கொண்டுவந்த விளையாட்டை இருசாராரும் தமதாக்கிக் கொண்டனர். அன்று தங்கவயலும் பெங்களூரும் ஒரே மைசூர் இராச்சியத்தைச் சேர்ந்தவை. 1946–47இல் மைசூர் அணி வங்காளத்தை வென்று சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றிய பெருமையும் நமக்கு உரியதே.

சுரங்கத்தில் மூவாயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வெப்பத்தில் வெந்து மேலேறி வந்தவனுக்கு, திறந்த வெளியும் காற்றும் ஒரு பந்தும் எத்தகைய இன்பம் என்பதைச் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தோர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் நம் பிள்ளைகள் பலர், விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, வேலைக்காகப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். இராமனின் ஊருக்கு நாள்தோறும் சென்று வருவோர்க்கு அவர் பெயர் தெரியாதிருப்பது வருந்தத்தக்கதன்றோ?

ஒலிம்பிக் கோலைப் போட்டவரையே நாம் மறந்தோமெனில், நம் லைன்களில் ஆடிய வீரர்களின் கதி என்னாகும்? அவர்களுக்கு ஏடும் இல்லை, சிலையும் இல்லை. இரவு ஷிப்டு முடித்துவந்து மாலையில் பந்தாடிய தாத்தாவின் பெயரை அறிந்தவர் இன்னும் சிலரே உள்ளனர். அவர்களும் முதுமை எய்திவிட்டனர்.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய அணிப் படங்களை எடுத்துப் பாருங்கள். படத்தில் உள்ளோர் பெயர், லைன், ஆண்டு ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டுப் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள். ஒரு படியை நம் சங்கத்திற்கும் அனுப்புங்கள். சுரங்கத்திலிருந்து எடுத்த பொன் முழுவதும் நம்மைவிட்டுச் சென்றது. பெயர்களையேனும் நாம் காத்துக்கொள்வோமாக!