புதிய கேரவனும் புதுச்சேரியின் உப்புக்காற்றும்

கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டியே தமிழ் மக்களின் நினைவுக்கு நெடுங்காலமாக வந்துகொண்டிருந்தது. அண்மை ஆண்டுகளில் படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுடன், குடும்பமாகச் சென்று போன இடத்தில் தங்குவதற்கான வண்டிகளும் அதே பெயரில் விற்பனைக்கு வருகின்றன. இவற்றுக்கென ஏஐஎஸ் 124 என்னும் இந்திய வாகனத் தரநிலை உள்ளது. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. 2022இல் மஹிந்திரா நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்த ஒரு நிறுவனத்துடன் சேர்ந்து பொலேரோ கேம்பரை அடிப்படையாகக் கொண்ட வண்டிகளைச் செய்ய ஒப்பந்தமிட்டது. இத்தகைய வண்டியை வாங்குவோர் பெரும்பாலும் கவனிக்காத ஓர் உண்மை, அது இரண்டு பட்டறைகளில் பிறக்கிறது என்பதாகும். எஞ்சினும் சக்கரங்களும் சட்டமும் சேர்ந்த சேசிஸ் ஒரு தொழிற்சாலையில் உருவாகிறது. அதன்மேல் வீடு போன்ற பகுதியை வேறொரு பாடி கட்டும் பட்டறை எழுப்புகிறது. இரண்டும் தனித்தனியே நன்றாக இருந்தாலும், முழு வண்டியின் தண்ணீர், மின்சாரம், எரிவாயு, எடை ஆகிய அனைத்தையும் ஒருசேர இயக்கிப் பார்க்கும் முதல் ஆள் பல நேரங்களில் அதை வாங்குபவராகவே இருக்கிறார்.

ஆகவே எதைப் பார்ப்பது என்பதற்கு முன்பே எப்போது பார்ப்பது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 42ஆவது விதியின்படி, தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பதிவு செய்யப்படாத வண்டியை டீலர் வாங்குபவரிடம் ஒப்படைக்கக் கூடாது. இவ்விதி வாங்குபவரின் நன்மைக்காக இருந்தபோதிலும், அதற்கு ஒரு பின்விளைவும் உண்டு: சாவி கைக்கு வரும் நாளில் வண்டி ஏற்கெனவே அவருடைய பெயரில் பதிவாகியிருக்கும்; நிரந்தரப் பதிவானால் பிஒய் 01 என்று தொடங்கும் புதுச்சேரி எண்ணையும் பெற்றிருக்கும். அதன்பின் குறை கண்டுபிடிக்கப்பட்டால் வேறு வண்டி கேட்பது கடினம். பழுதுபார்த்துத் தருவதாக டீலர் சொல்வதையே ஏற்க நேரிடும். ஆகவே ஆய்வுக்கு உரிய நாள் டெலிவரி நாள் அல்ல. அது பதிவுக்கான ஆவணங்களில் கையெழுத்திடும் நாளுக்கு முந்தைய நாளே ஆகும். புதுச்சேரியில் நல்ல நாள் பார்த்து, மணக்குள விநாயகர் கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுப்பது வழக்கம். நல்ல நேரம் முடிவதற்குள் கிளம்ப வேண்டிய அந்தக் காலைப்பொழுதில் மூன்று மணி நேரச் சோதனைக்கு இடமிருக்காது என்பதாலும் முன்கூட்டிய ஆய்வு தேவைப்படுகிறது.

இந்நகரில் ஆய்வின் முதல் கவனம் உப்பின்மேல் இருப்பதே முறை. கடற்கரைச் சாலையை ஒட்டிய பாறைகளில் அலை மோதி உடையும்போது எழும் நுரைக்குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்த் துளிகளாகக் காற்றில் கலக்கின்றன. அவை உலர்ந்து நுண்துகள்களாகி, வீசும் காற்றோடு ஊருக்குள் வந்து உலோகப் பரப்புகளில் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது சோடியம் குளோரைடு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடுகிறது. கடல் உப்பில் சிறிதளவு கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீத ஈரப்பதத்திலேயே கரையத் தொடங்குகிறது. மழையே பெய்யாத நாளிலும் வண்டியின் அடிப்பகுதியில் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டேயிருக்கும் என்பது இதன் பொருள். துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. அதற்கு வேண்டிய மின்பகுளியை, அதாவது மின்னூட்டம் பெற்ற அயனிகள் நகர்வதற்கான திரவத்தை, இந்தப் படலமே வழங்குகிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்து அரிப்பை ஆராய்ந்து வருவதும், இந்தக் கடலோரக் காற்று உலோகத்துக்கு எவ்வளவு கொடியது என்பதை அளப்பதற்காகவே.

சேசிஸ் தொழிற்சாலையை விட்டு வெளிவரும்போது அதன்மேல் ஏறத்தாழ 20 மைக்ரான் தடிமனுள்ள மின்படிவுப் பூச்சு இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உலோகத்தை வண்ணக் குளியலில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சுவதால் இடுக்குகளிலும் சீராகப் படியும் இந்தப் பூச்சுதான் உப்புக்கு எதிரான முதல் அரண். பாடி கட்டும் பட்டறையில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் கொக்கிகளை வெல்டிங் செய்யும்போதும், தரைப்பலகையை இறுக்க ஓட்டை போடும்போதும் அந்த அரண் அங்கங்கே உடைகிறது. எனவே கையில் டார்ச் விளக்குடன் வண்டிக்கு அடியில் படுத்து, தொட்டியின் தாங்கிகளைச் சுற்றியுள்ள வெல்டிங் விளிம்புகளைப் பார்ப்பது, வெளிப்புற வண்ணத்தின் பளபளப்பை ஒரு மணி நேரம் ரசிப்பதைவிடப் பயனுள்ளது. வெல்டிங்கின் இருபுறமும் வெப்பத்தால் நீலமும் பழுப்புமாக நிறம் மாறிய பட்டை அப்படியே தெரிந்தால் அங்கே மறுபூச்சு இல்லை என்று பொருள். மேலே கறுப்பு வண்ணம் அடித்திருந்தாலும், விரல் நகத்தால் சுரண்டும்போது அது செதிலாக உரிந்தால், கசடை நீக்காமலே அடித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அலுமினியத் தகட்டை எவர்சில்வர் திருகுகளால் இறுக்கியிருக்கும் இடங்களும் ஐயத்துக்குரியவை. இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் அவற்றுள் எளிதில் எலெக்ட்ரானை இழக்கும் உலோகம் வேகமாக அரிபடும். இங்கே இழப்பது அலுமினியம். திருகின் தலைக்குக் கீழே நைலான் அல்லது ரப்பர் வாஷர் இருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. அதைச் சுற்றி வெண்மையான பொடி படிந்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது.

உப்புக்கு அடுத்தது மழைநீர். கேரவன்களை உள்ளிருந்து அழிப்பதில் இதற்கு ஈடு வேறில்லை. ஆறு மீட்டர் நீள அலுமினியக் கூரை, விடியற்காலைக் குளிருக்கும் பிற்பகல் வெயிலுக்கும் இடையே 40 பாகை வெப்பநிலை மாற்றத்துக்கு உள்ளானால் சுமார் 5.5 மில்லிமீட்டர் நீள்கிறது. அதைத் தாங்கும் எஃகுச் சட்டமோ 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே நீள்கிறது. இந்த வேறுபாட்டை நாள்தோறும் ஈடுகொடுப்பது மூட்டுகளில் பூசப்படும் சீலண்ட் என்னும் நெகிழ் பசை. அது ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தாலும், சுவருக்குள் நுழையும் நீர் ப்ளைவுட்டை மாதக்கணக்கில் ஊறவைக்கும்; வெளியே கறை தெரியும்போது உள்ளே பலகை உளுத்திருக்கும்.

நிற்கும் வண்டியின் மேல் குழாயால் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது போதாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியின் முன்பக்கத்தில் காற்று தரும் அழுத்தம் ஏறத்தாழ 300 பாஸ்கல். அதாவது மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை மேலே தள்ளக்கூடிய அளவு. நின்றபோது ஒழுகாத இடுக்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மழையில் ஓடும்போது ஒழுகுவது இதனால்தான். நுண்ணிய வெடிப்பு மேலும் மோசமானது. நுண்துளை ஈர்ப்பு என்னும் பண்பால், அழுத்தமே இல்லாதபோதும் அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இதற்கு ஐரோப்பியப் பட்டறைகள் கையாளும் ஒரு முறை எளிமையும் நுட்பமும் கொண்டது: எல்லாக் கதவுகளையும் காற்றுத் துளைகளையும் மூடி, ஒரு ஊதியால் உட்புறக் காற்றழுத்தத்தைச் சற்றே உயர்த்திவிட்டு, வெளி மூட்டுகளில் சோப்புக் கரைசலைத் தெளித்தால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி கிளம்பும். நீர் உள்ளே வரும் வழியைக் காற்று வெளியேறும் வழியாக மாற்றிக் கண்டுபிடிக்கும் இந்தச் சோதனையை நம் ஊர்ப் பட்டறைகளும் குறைந்த செலவில் செய்ய முடியும். செய்யச் சொல்லி வாங்குவோர் கேட்பதில்தான் அது தொடங்கும்.

இரண்டு ஊசிகளைப் பலகையில் அழுத்தி, அவற்றுக்கிடையே மின்தடையை அளந்து ஈரத்தைச் சதவீதமாகக் காட்டும் ஈரமானியும் உதவும். ஐரோப்பிய வழிகாட்டிகள் 15 சதவீதத்துக்கு மேற்பட்ட அளவை எச்சரிக்கையாகக் கொள்கின்றன. அதை அப்படியே புதுச்சேரிக்குக் கொண்டுவருவது தவறாகும். 30 பாகை வெப்பத்திலும் 80 சதவீத ஈரப்பதத்திலும் நன்கு உலர்ந்த மரமே காற்றோடு சமநிலை அடைந்து 15 முதல் 16 சதவீத ஈரத்தைக் காட்டும். இங்கே ஒப்பீடே சரியான வழி: நடுச்சுவரில் 15 காட்டும் கருவி, ஜன்னலின் கீழ் மூலையில் 22 காட்டினால் அந்த மூலையில் ஒழுகல் இருக்கிறது.

2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதையும், ரெயின்போ நகர் போன்ற தாழ்ந்த பகுதிகளில் வண்டிகள் மூழ்கியதையும் இந்நகர மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிடங்கில் நீண்ட நாள் நின்ற வண்டி வெள்ளம் பார்த்ததா என்பதை அறிய, சீட் பெல்ட்டை அதன் முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துப் பார்ப்பது சிறந்த வழி. கழுவித் துடைத்த வண்டியிலும், உருளைக்குள் சுருண்டிருக்கும் கடைசிப் பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும். இருக்கைகள் நகரும் தண்டவாளத்தின் துருவும் அதையே சொல்லும். பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்ட வாகன அடையாள எண் சட்டத்திலும் ஆவணத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும், டயரின் பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்களையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். 2325 என்றிருந்தால், அந்த டயர் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது.

கேரவனில் 12 வோல்ட் நேர்மின்சாரம், 230 வோல்ட் மாறுமின்சாரம் என்று இரு சுற்றுகள் உள்ளன. பலர் 230 வோல்ட்டுக்கு அஞ்சி 12 வோல்ட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஆயிரம் வாட் திறனுள்ள மின்சாதனத்தை இன்வெர்ட்டர் வழியாக இயக்கும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 90 ஆம்பியர் பாய்கிறது. பேட்டரி முனையில் இறுக்கம் குறைந்து, ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு மின்தடை ஏற்பட்டாலும், அந்த ஒரே புள்ளியில் 80 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும். மரப்பெட்டிக்குள் மறைந்திருக்கும் முனைக்கு அது தீப்பிடிக்கப் போதுமான சூடு. ஆகவே இன்வெர்ட்டரில் முழுச் சுமையைப் பதினைந்து நிமிடம் ஏற்றிவிட்டு, தொடாமல் வெப்பம் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை ஒவ்வொரு முனையின் மீதும் காட்ட வேண்டும். மாறுமின் பக்கத்தில், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்னும் பாதுகாப்புச் சுவிட்ச் பொருத்தப்பட்டுள்ளதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தியதும் விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

எரிவாயு அடுப்புள்ள வண்டியில் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றே. எல்பிஜியில் உள்ள புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரு மடங்கும் கனமானவை. கசிந்த வாயு தரையில் தேங்கும். சிலிண்டர் அறையின் அடித்தளத்தில் வெளிநோக்கித் திறந்த துளை இல்லையென்றால், வேறு எதுவும் பார்க்காமல் அந்த வண்டியை மறுக்கலாம்.

எடையை ஷோரூமில் அறிய முடியாது; எடைமேடைக்குத்தான் கொண்டுசெல்ல வேண்டும். 200 லிட்டர் தண்ணீரின் எடை 200 கிலோ. முன்பின் அச்சுகளுக்கு இடையே மூன்றரை மீட்டர் இடைவெளியுள்ள வண்டியில், அந்தத் தொட்டியின் மையம் பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் அமைந்திருந்தால், நெம்புகோல் விதிப்படி பின் அச்சின் சுமை 257 கிலோ கூடுகிறது, முன் அச்சின் சுமை 57 கிலோ குறைகிறது. முன்சக்கரங்கள் இலேசானால் ஸ்டியரிங்கின் பிடி தளரும். தொட்டியை நிரப்பி, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே எடைபோட்டுச் சேசிஸ் நிறுவனம் வகுத்த உச்ச அளவுகளுடன் ஒப்பிட்டால், இன்னும் எத்தனை பேர் ஏறலாம் என்பதும் தெரிந்துவிடும்.

புதிய வண்டியின் வாசனையைப் பலர் விரும்புகின்றனர். அதில் ஒரு பங்கு ப்ளைவுட் பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடாக இருக்கலாம். 2005ஆம் ஆண்டின் கத்ரீனா புயலுக்குப் பின் அமெரிக்க அரசு வீடிழந்தோருக்கு வழங்கிய டிரெய்லர் வீடுகளில் குடியிருந்தோர் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் குறித்து முறையிட்டனர். அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 வீடுகளை அளந்தபோது சராசரியாக நூறு கோடிப் பங்குக்கு 77 பங்கு ஃபார்மால்டிஹைடு இருந்தது. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே இவ்வாயுவை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருந்தது. வெப்பமும் ஈரமும் கூடும்போது இதன் வெளியேற்றமும் கூடும் என்பதால், சித்திரை வெயிலில் மூடிக்கிடந்த கேரவனைத் திறந்ததும் கண் எரிந்தால் அதைப் புதுமையின் மணம் என்று கடந்துவிடக் கூடாது. பயன்படுத்திய பலகையின் வெளியேற்ற வகைப்பாட்டை எழுத்தில் கேட்க வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் ஆவணங்கள். பாடி தனியே கட்டப்பட்ட வண்டிகளுக்கு 22-அ என்னும் படிவம் உண்டு; அதன் முதற்பகுதியில் சேசிஸ் நிறுவனமும் இரண்டாம் பகுதியில் பாடி கட்டியவரும் சான்றளிக்கின்றனர். கூரை ஒழுகினால் ஒருவரையும் மின்கம்பி எரிந்தால் மற்றொருவரையும் தேடி அலையாமலிருக்க, எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு, எத்தனை காலம் என்பதை இந்தப் படிவத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது. கண்டறிந்த குறைகளை நாளும் படமும் இட்டு எழுதி, டீலரின் கையெழுத்தையும் முத்திரையையும் பெற்று, அவை சரிசெய்யப்பட்ட பின்னரே பதிவு விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும். குறைபாடுள்ள பொருளால் விளையும் கேட்டுக்கு உற்பத்தியாளரும் விற்பவரும் பொறுப்பேற்க வேண்டிய நிலைகளை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தனி அத்தியாயத்தில் வகுத்துள்ளது. புதுச்சேரியின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் முன் ஒரு வழக்கு செல்லும் நிலை வந்தால், பதிவுக்கு முந்தைய நாளிட்ட அந்த ஒரு தாள் வாங்கியவருக்கு வலுவான சான்றாக நிற்கும்.