தரைக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு

யாராவது வழுக்கி விழுந்துவிட்டால் நம்மவர் வாயில் முதலில் வருவது "பார்த்து நடக்கக் கூடாதா?" என்ற கேள்விதான். அக்கறையில் கேட்பதுதான், ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே தீர்ப்பும் இருக்கிறது. விழுந்தவரும் அதை ஏற்றுக்கொண்டு, வெட்கத்தோடு எழுந்து உடுப்பைத் தட்டிவிட்டு, "ஒன்றுமில்லை" என்று சொல்லி வேலையைத் தொடர்வார். மறுநாள் காலை மணிக்கட்டு வீங்கியிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். தற்செயல் காயங்களால் நேரும் மரணங்களில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மருத்துவரிடம் போகவேண்டிய அளவுக்கு விழுவது ஆண்டுக்கு 3 கோடியே 73 இலட்சம் தடவை நிகழ்கிறது. இத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு நடந்தவர்கள் அல்லர். டென்மார்க்கின் ஓல்போர்க்கில் வாழ்ந்து உழைக்கும் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: ஒருவர் விழுந்தால் அவருடைய கவனத்தை விசாரிப்பதற்கு முன் அவர் விழுந்த தரையை விசாரியுங்கள். டென்மார்க்கின் சட்டம் அப்படித்தான் விசாரிக்கிறது, ஆராய்ச்சிகளும் அந்தப் பக்கமே நிற்கின்றன.

கவனம் ஏன் போதாது என்பதை ஒரு காலடியை உற்றுப் பார்த்தாலே விளங்கும். நடக்கும்போது குதிக்கால்தான் முதலில் தரையைத் தொடுகிறது. உடலின் பாரம் பின்காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறும் நேரம் அது. குதிக்கால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னே சறுக்கினால் உடல் தானாகவே சமாளித்துக்கொள்ளும், பெரும்பாலும் நமக்கே தெரியாது. பத்து சென்டிமீட்டர் அளவுக்குப் போய்விட்டால் மீள்வது கடினம். இதெல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது, யோசித்துச் செயல்பட அவகாசமே இல்லை. சமதளத்தில் சாதாரணமாக நடக்க உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.2 வேண்டும். உலர்ந்த தரையில் ரப்பர் அடி போட்ட சப்பாத்துக்கு அதைவிடப் பல மடங்கு பிடிப்பு கிடைக்கிறது. நனைந்த பனிக்கட்டியின் மேல் அது 0.1-க்கும் கீழே போய்விடும். ஓல்போர்க்கின் சிக்கலும் இதில்தான் இருக்கிறது. லீம்ஃபியோர்ட் கரையில் இருக்கும் இந்த நகரத்தில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். சைபீரியக் குளிரில் இறுகிக் கிடக்கும் பனி காலைப் பிடித்து நிறுத்தும். இங்கோ பகலில் உருகி இரவில் உறைகிறது, உறைந்ததன் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. டேனியர் "கிளாத்" என்று எச்சரிப்பது இதைத்தான். டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம்கூட இல்லை. விடியுமுன் வேலைக்குப் போகிறவருக்கு வீதியில் ஈரம் இருப்பதும் தெரியாது, அது உறைந்திருப்பதும் தெரியாது. தெரியாத ஒன்றைப் பார்த்து நடக்கச் சொல்வது எப்படி?

வேலையிடத்துக்கு வருவோம். டென்மார்க்கின் தொழிற்சூழல் சட்டம் வேலை பாதுகாப்பாக நடப்பதற்கான பொறுப்பை முதலாளியின் தலையில் வைக்கிறது. ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும், இரண்டு பேர் வேலை செய்யும் பீட்சாக் கடையானாலும், ஏ.பி.வி. எனப்படும் வேலையிட மதிப்பீட்டை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும், வேலையாட்களும் அதில் பங்குகொள்ள வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் வேலையாட்களே தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் பிரதிநிதி ஒருவர் இருப்பார். ஆபத்தைக் கையாள்வதில் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கும் முக்கியம். ஆபத்தை அது பிறக்கும் இடத்திலேயே நீக்குவது முதல் வேலை. எச்சரிக்கைப் பலகையும் தனிநபர் பாதுகாப்புப் பொருளும் அதற்குப் பிறகுதான். ஒரு உணவகச் சமையலறையை நினைத்துப் பாருங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கதவு திறக்கும்போதெல்லாம் ஆவியும் நீரும் தரையில் இறங்கும். இரண்டு எட்டில் பொரிக்கும் சட்டி, அதிலிருந்து எண்ணெய்த் துமி. நீரும் எண்ணெயும் சேரும் அந்த ஒன்றரை மீட்டர் தரையில்தான் கையில் தட்டுகளோடு பையன்கள் திரும்புகிறார்கள். அங்கே "தரை ஈரம்" என்று மஞ்சள் பலகை வைத்துவிட்டால் கடமை முடிந்துவிடாது. நீர் ஓடிப்போகும் வடிகால் சரியாக இருக்கிறதா, எண்ணெய் சிந்தினால் உடனே துடைக்க யாருக்கு நேரம் கொடுக்கப்பட்டிருக்கிறது, கொழுப்பை அகற்றும் கழுவுதிரவம் சரியான அளவில் கலக்கப்படுகிறதா என்பவைதான் கேள்விகள்.

"இதற்கெல்லாம் காசுக்கு எங்கே போவது?" என்று சிறுகடை வைத்திருப்பவர் கேட்பார். நியாயமான கேள்விதான், ஏனெனில் நம்மவர் பலர் அந்தப் பக்கத்திலும் நிற்கிறார்கள். ஆனால் அந்தச் செலவால் கிடைப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் 4,553 ஊழியர்களை இரண்டு பிரிவாக்கி ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு வழுக்காத அடி என்று தரச்சான்று பெற்ற சப்பாத்து இலவசமாகக் கொடுக்கப்பட்டது, மற்றவர்கள் வழக்கமான சப்பாத்தோடு வேலை செய்தார்கள். 2021-இல் வெளிவந்த முடிவின்படி புதிய சப்பாத்து பெற்றவர்கள் வழுக்கியது 37 விழுக்காடு குறைவு. ஒரே மாதிரி ஊழியர்கள், ஒரே மாதிரித் தரைகள், அதே அவசரம். யாருடைய கவனமும் கூடவில்லை, அடி மட்டும்தான் மாறியது. டென்மார்க்கில், வேலையின் ஆபத்து அப்படிப்பட்ட சப்பாத்தைக் கேட்கிறது என்றால் அதை வாங்கிக்கொடுக்க வேண்டியவர் முதலாளி. துப்புரவு வேலைக்கும், விடியற்காலைப் பத்திரிகை விநியோகத்துக்கும் போகும் மாணவர்கள் இதை அறிந்திருப்பதில்லை. சப்பாத்தின் அடியில் மாட்டும் முள்வளையத்தைக்கூடத் தங்கள் கைக்காசில் வாங்குகிறார்கள். கேட்பது உரிமை, கெஞ்சுவது அல்ல.

வேலையிடத்துக்கும் வீட்டுக்கும் இடையில் நாம் போடும் கோடு சட்டத்தின் கண்ணில் அவ்வளவு அழுத்தமானதில்லை. முதியவர் ஒருவருக்கு உதவ நகரசபையிலிருந்து பராமரிப்பு ஊழியர் வருகிறார் என்றால், அந்த வீடு அவருக்கு வேலையிடம். ஆகவே அங்கேயும் மதிப்பீடு செய்யப்படும். நடைபாதையில் விரித்த தரைவிரிப்பைச் சுருட்டச் சொல்வார்கள், கட்டிலை நகர்த்தச் சொல்வார்கள், கதவுப்படியை எடுக்கலாமா என்று கேட்பார்கள். "என் வீட்டில் வந்து இவர்கள் என்ன சொல்வது?" என்று சில அம்மாக்கள் வருத்தப்படுகிறார்கள். ஊரிலிருந்து வந்த விரிப்பாக இருக்கலாம், அதை எடுப்பது மனதுக்குக் கஷ்டம்தான். ஆனால் ஊழியரின் காலைத் தட்டும் அதே விளிம்பு இரவு இரண்டு மணிக்குக் கழிவறைக்கு எழும் அம்மாவின் காலையும் தட்டும். ஊழியருக்கு அங்கே வேலை அரை மணி நேரம், அம்மாவுக்கு இருபத்து நான்கு மணி நேரம்.

நம் வீடுகளுக்கென்றே சில இடங்கள் இருக்கின்றன. வாசலில் சப்பாத்தைக் கழற்றுவோம், அதில் ஒட்டி வந்த பனி லாமினேட் தரையில் உருகும், அதன்மேல் காலுறையோடு நடப்போம். நனைந்த லாமினேட்டில் காலுறை ஏறத்தாழப் பனிக்கட்டிதான். டேனியக் குளியலறைகள் பலவற்றில் குளிக்கும் இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் தடுப்பே இருக்காது. குளித்து முடித்ததும் ரப்பர்த் துடைப்பத்தால் நீரை வடிகாலுக்குத் தள்ள வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து முழுகுகிற வீட்டில் நீரைத் தள்ளினாலும் எண்ணெய் தரையோட்டில் தங்கிவிடும், சவர்க்காரம் போட்டுக் கழுவினால்தான் போகும். சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது சிந்திய இரண்டு சொட்டு, மாடிப்படியில் குதிக்காலில் மிதிபடும் நைட்டியின் கரை என்று இன்னும் சொல்லலாம். இவற்றையெல்லாம் சரிசெய்தால் உண்மையிலேயே விழுவது குறையுமா? 2023-இல் வெளியான, கொக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு 22 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. வீட்டிலுள்ள ஆபத்துகளைக் குறைத்தபோது முதியவர்கள் விழும் வீதம் 26 விழுக்காடு குறைந்தது. விழும் ஆபத்து ஏற்கெனவே அதிகமாக உள்ளவர்களிடம் அது 38 விழுக்காடு. இடுப்பெலும்பு முறிந்து டேனிய வைத்தியசாலைகளில் சேர்க்கப்படும் முதியவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் ஒரு மாதத்துக்குள் இறந்துபோகிறார் என்பதை இந்த எண்களோடு சேர்த்து வாசியுங்கள். எண்பதுகளில் அகதிகளாக வந்து தொழிற்சாலைகளில் நின்றே உழைத்த தலைமுறை இப்போது இந்த வயதுக்குள் வந்துவிட்டது.

தரையைப் பற்றி மட்டும் பேசினால் காலை மறந்துவிட்டதாக ஆகும். வயது ஏற ஏறக் கால் தசை வலுவிழக்கிறது, சமநிலை குறைகிறது, பல மருந்துகள் எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றைத் தருகின்றன. இதைக் குறித்து ஓல்போர்க்கிலேயே ஒரு நல்ல ஆய்வு நடந்தது. தனித்து இயங்கக்கூடிய, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 140 பேரை எடுத்தார்கள். பாதிப் பேருக்கு, நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று வழுக்குவது போலவும் தடுக்குவது போலவும் உலுக்கும் நடைப்பட்டையில் இருபது நிமிடப் பயிற்சி நான்கு தடவை கொடுத்தார்கள். மற்றவர்கள் அதே பட்டையில் சும்மா நடந்தார்கள். 2023-இல் வெளிவந்த முடிவு: பயிற்சி பெற்றவர்கள் ஆய்வுகூடத்தில் நன்றாகச் சமாளித்தார்கள், அன்றாட வாழ்வில் அவர்கள் விழுந்தது 22 விழுக்காடு குறைவாகவும் இருந்தது. ஆனால் இது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதைப் புள்ளிவிவரத்தால் விலக்க முடியவில்லை. பயிற்சியே வீண் என்று இதைக்கொண்டு சொல்பவர்கள் அவசரப்படுகிறார்கள். அந்த 140 பேரும் ஏற்கெனவே திடமானவர்கள், பயிற்சி நேரமும் சொற்பம். வாரக்கணக்கில் தொடரும் உடற்பயிற்சிகளைப் பற்றி 2019-இல் வந்த பெரிய மதிப்பாய்வு விழும் வீதம் 23 விழுக்காடு குறைவதை உறுதியாகக் காட்டியது. அதே சமயம் நான்கு தடவை பயிற்சி கொடுத்துவிட்டால் தரையைத் திருத்த வேண்டாம் என்று எந்த நிர்வாகமும் இந்த ஆய்வைக் காட்டி ஒதுங்கவும் முடியாது. விழுந்து சிகிச்சை பெற்று வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது மருத்துவத் தேவை இருந்தால் மீள்பயிற்சித் திட்டம் ஒன்றை எழுதித் தருவார்கள், நகரசபை அதை இலவசமாக நடத்தித்தர வேண்டும். ஏழு நாட்களுக்குள் தொடங்க இயலாவிட்டால் தனியார் பயிற்சியிடத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் வைத்தியசாலையை விட்டுப் புறப்படாதீர்கள்.

விழுந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நம்மவர் அதிகம் இழக்கிறார்கள். வேலையில் விழுந்து, அடுத்த நாளும் வழக்கமான வேலையைச் செய்ய முடியவில்லை என்றால் முதலாளி 14 நாட்களுக்குள் அதை இணையவழியில் பதிவுசெய்யக் கடமைப்பட்டவர். செய்யாவிட்டால் நீங்களே, அல்லது உங்கள் தொழிற்சங்கம், தொழில் காயங்களைத் தீர்மானிக்கும் ஏ.இ.எஸ். நிறுவனத்துக்கு அறிவிக்கலாம். விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடம் அதற்கான கெடு. தொழில் காயச் சட்டத்தில் யாருடைய பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லை, வேலையால் காயம் வந்ததா என்பதே கேள்வி. சிகிச்சைச் செலவு, 5 விழுக்காட்டிலிருந்து நிரந்தரப் பாதிப்பு, 15 விழுக்காட்டிலிருந்து உழைக்கும் திறன் இழப்பு ஆகியவற்றுக்கு நட்டஈடு உண்டு. முதலாளியின் கவனயீனம் நிரூபணமானால் வலி வேதனைக்கும் இழந்த சம்பளத்துக்கும் தனியாகக் கேட்கலாம். வாரத்துக்கு நான்கு மணி நேரம் வேலை செய்யும் மாணவருக்கும் இதே உரிமை. முதலாளி காப்புறுதியே எடுக்காமல் விட்டிருந்தாலும் உங்கள் உரிமை போகாது. ஆனால் சொந்தக் கடை வைத்திருப்பவரும், அவரோடு நின்று உழைக்கும் மனைவியோ கணவரோ தாமாகக் காப்புறுதி எடுத்திருந்தால்தான் இதற்குள் வருவார்கள். பல குடும்பங்கள் விபத்துக்குப் பிறகே இதை அறிகின்றன. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் விழுந்தால் அது பொதுவாகத் தொழில் காயமாகக் கொள்ளப்படுவதில்லை. அங்கே நடைபாதைக்கு யார் பொறுப்பு என்று பாருங்கள். வீட்டு முன்னுள்ள நடைபாதையில் பனி அகற்றி மணலோ உப்போ தூவ வேண்டியவர் பெரும்பாலும் அந்த வீட்டு உரிமையாளர். அவர் அதைச் செய்யவில்லை என்றால் நட்டஈடு கேட்க வழியுண்டு. நீங்கள் வீடு வாங்கியவராயின் அந்தக் கடமை உங்களுடையது. எந்த நிலையிலும் விழுந்த இடத்தைப் படம் எடுங்கள், கண்டவரின் பெயரைக் குறியுங்கள், அன்றே மருத்துவரிடம் சொல்லி அவருடைய பதிவில் ஏறச் செய்யுங்கள். பனி மதியத்துக்குள் உருகிவிடும்.

"பதிவுசெய்தால் முதலாளி முகம் சுளிப்பார், நாளைக்கு வேலை தரமாட்டார்" என்ற அச்சம் வெறும் கற்பனை என்று சொல்லமாட்டேன். ஆனால் பணத்தைக் கொடுப்பது பெரும்பாலும் காப்புறுதி நிறுவனம், பதிவுசெய்யச் சொல்வது சட்டம். மேலும், சொல்லாமல் விட்ட ஒவ்வொரு விழுகையும் அந்தத் தரையை அடுத்தவருக்காக அப்படியே விட்டுவைக்கிறது. வந்த நாட்டில் குறை சொல்லக் கூடாது என்ற தயக்கமும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் இதே டென்மார்க்கில் தமிழர்களின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக முடக்கிவைத்த விவகாரத்தால் 1993 ஜனவரியில் ஒரு பிரதமர் பதவி விலகினார், 1995-இல் முன்னாள் நீதியமைச்சர் எரிக் நின் ஹான்சனை உயர் அரச நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது. அமைச்சருக்கே பொருந்திய சட்டம் ஒரு சமையலறைத் தரைக்கும் பொருந்தும்.

கடந்த குளிர்காலத்தில் வேலையிடத்தில் விழுந்து, "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு இன்னும் முழங்காலைத் தடவிக்கொண்டிருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவரோடு இன்றே உட்கார்ந்து நாட்களைக் கணக்கிடுங்கள். ஒரு வருடக் கெடு இன்னும் முடியாமல் இருக்கலாம்.