காத்திருந்த ஆட்டக்காரர்

முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல் என்பது மாணாக்கர் அறிந்ததே. அது வாளா இருத்தலன்று. உள்ளம் முழுதும் தொழிற்பட, கை மட்டும் ஓய்ந்திருக்கும் நிலை. இதனை வகுப்பிலே விளக்கப் புகுங்கால், தலைவியைச் சற்றே நிறுத்திவிட்டு ஓர் உதைபந்தாட்டக்காரரை நான் எடுத்துக் காட்டுவதுண்டு. பண்டிதருக்குப் பந்தோடு என்ன உறவு என வினவுவார் வினவுக.

அவர் பெயர் விகாஷ் தொராசு. மொரீசியசிலிருந்து பிரான்சுக்குக் குடிபெயர்ந்த, தெலுங்கு வழிவந்த குடும்பத்தில் 1973இல் பிறந்தவர். கரும்புத் தோட்டங்களுக்கென அத்தீவிற் கொண்டுபோய் இறக்கப்பட்ட இந்தியத் தொழிலாளர் ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர். அத்தகைய தீவின் மரபில் வந்த ஒருவர் பிரான்சின் தேசிய அணியில் 18 முறை ஆடினார். நடுக்களத்தார்க்கு வலிமையினும் கண்ணே வேண்டும். பந்து வருமுன்னரே அது செல்லவேண்டிய இடத்தைக் காணும் கண். அது அவரிடம் இருந்தது. லியோன் அணியோடு 2003, 2004 ஆகிய ஈராண்டும் பிரெஞ்சு லீக் வாகை சூடினார்.

பின்னர் மிலான் சென்றார். 2005 மே மாதம் இஸ்தான்புல் இறுதியாட்டத்தில் மிலான் மூன்று கோல் முந்தியிருந்தும், லிவர்பூலிடம் தண்ட உதையில் தோற்றது. தொராசு அன்று இருந்தது வாங்கில். மறு ஆண்டு ஏப்பிரலில் பாரிஸ் அணிக்காகப் பிரெஞ்சுக் கிண்ண இறுதியாட்டத்தில் அவர் நெடுந்தொலைவிலிருந்து உதைத்த பந்து மார்செய் அணியை வீழ்த்தியது. அதனால் உலகக்கிண்ணக் குழுவில் அவர் இடம்பெற்றதில் வியப்பில்லை.

ஆனால் 2006இல் ஜெர்மனியில் பிரான்சு ஆடிய ஏழு ஆட்டங்களுள், சுவிற்சர்லாந்துக்கும் தென்கொரியாவுக்கும் எதிரான இரண்டிலேதான், அதுவும் முடியுந் தறுவாயில், அவர் களமிறக்கப்பட்டார். இரண்டையுஞ் சேர்த்தால் கால்மணி நேரம் அளவே. இளையோர் அணிக் காலந்தொட்டே தம்மை அறிந்த பயிற்சியாளர் தொமெனெக் ஏன் அழைக்கவில்லை என்னும் வினா அவரை அரித்தது. பெர்லின் இறுதியாட்டமும் தண்ட உதையிலேயே கைநழுவியது. அன்றும் அவர் வாங்கிலேயே.

அந்நாட்களில் அவர் கையில் ஒரு சிறு படக்கருவி இருந்தது. நண்பர் பிரெட் புலே கொடுத்தது. விடுதி அறை, சாளரம், தனிமை ஆகியவற்றைத் தாமே படமாக்கினார். ‘சப்ஸ்டிட்யூட்’ என்னும் பெயரில் 2007இல் அது வெளிவந்தது. பயிற்சியாளர்மீது கொண்ட மனத்தாங்கலையும் அதில் மறைத்தாரல்லர்.

அணி போராடுகையில் ஒருவர் தம் துயரைப் படம்பிடிப்பது முறையோ என்பார் உளர். முறையே என்பேன். வென்றோரைப் பாட ஊர் முழுதும் உண்டு. எங்கள் பாடசாலை மலர்களிலும் களமிறங்கிய பதினொருவர் பெயரே அச்சேறுகிறது; மழையிலும் வெயிலிலும் பயின்று, கோட்டுக்கு வெளியே சப்பாத்து வாரை இறுக்கியபடி காத்திருந்த பையனின் பெயரை அவற்றில் நான் கண்டதில்லை. அவன் நிலையைச் சொல்ல அவனையன்றி யாருளர்? தொராசு பிறர் மறையை விற்கவில்லை; தம் இருப்பையே பொருளாக்கினார்.

ஒளியாது பேசும் இயல்புக்கு விலையும் கொடுத்தார். பயிற்சியாளரைப் பற்றிப் பத்திரிகையில் வெளிப்படப் பேசியதைத் தொடர்ந்து, 2006 ஒக்டோபரில் பாரிஸ் கழகம் அவரை நீக்கியது. இத்தாலியின் லிவோர்னோவிலும் நிலைபெற வாய்க்கவில்லை. 2008இல், 34 வயதில், ஆட்டத்தை விட்டார்.