கண்மையும் கரும்புகையும்

'சிகாகோ ஃபயர்' தொடர் 2012 அக்டோபரில் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. முதல் எபிசோடின் தொடக்கத்திலேயே ஆண்டி டார்டன் என்ற தீயணைப்பு வீரர் ஒரு வீட்டுத் தீயில் உயிரிழக்கிறார். 51ஆம் தீயணைப்பு நிலையத்தில் ஒரே கூரையின்கீழ் வாழும் அவருடைய சக வீரர்கள் கேசியும் செவரைடும் அந்தச் சாவுக்கு ஒருவர்மேல் ஒருவர் பழி போடுகிறார்கள். பார்க்கிற நமக்கும் நெஞ்சு கனக்கிறது. ஆனால், தீயின் ஒரு முகத்தை எந்தத் தொடராலும் உள்ளபடி காட்ட முடியாது. அது இருட்டு.

திரையில் எரியும் வீடு வெளிச்சமாக இருக்கும். நடிகர் முகம் தெரிய வேண்டுமே! அதனால் படப்பிடிப்பில் பெரும்பாலும் புகை குறைந்த புரொப்பேன் வாயுவை எரிப்பார்கள். நிஜத் தீக்குள் நுழைபவருக்கோ நீட்டிய தன் கையே தெரியாமல் போகும். இவ்வளவு எரிந்தும் வெளிச்சம் எங்கே போனது?

விடை கண்மையில் இருக்கிறது. ஆமணக்கெண்ணெய் விளக்கை ஏற்றி, சுடருக்கு மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைத்தால், சற்று நேரத்தில் கண்மைக்கான கரி மெத்தென்று படியும். அந்தக் கரி சுடருக்குள்ளேயே இருந்ததுதான். எண்ணெய் ஆவி வெப்பத்தில் சிதைந்து நுண்ணிய கார்பன் துகள்களாகிறது. அவை 1,000 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் கனன்று ஒளிர்வதையே மஞ்சள் சுடராகக் காண்கிறோம். சுடரின் விளிம்பில் காற்று கிடைத்ததும் அவை முழுதாக எரிந்து மறைந்துவிடும். தட்டு குறுக்கிட்டால், எரியுமுன்னே ஆறிக் கறுத்துத் தங்கிவிடும். மைக்கேல் ஃபாரடே லண்டனில் சிறுவர்களுக்கு ஆற்றிய மெழுகுவத்தி உரைகளில் இதைச் செய்துகாட்டினார். சுடரின் ஒளிமிகுந்த பகுதியில் வளைந்த கண்ணாடிக் குழாயை நுழைத்தார். மறுமுனையில் கரும்புகை வந்தது.

ஒளி தருவதும் கரிதான், ஒளியை மறைப்பதும் அதே கரிதான்.

மூடிய அறையில் தட்டே தேவையில்லை. எரிவதற்குக் காற்று போதாது. பாலியூரித்தேன் நுரை சோபா பற்றினால் கரி மலைமலையாய்க் கிளம்பும். அமெரிக்காவின் யுஎல் நிறுவனம் இரண்டு வரவேற்பறைகளை எரித்துச் சோதித்தது. பழங்காலப் பஞ்சும் மரமும் நிறைந்த அறை முழுவதும் பற்றிக்கொள்ள ஏறக்குறைய 30 நிமிடம் ஆனது. இக்காலச் சாமான்கள் இருந்த அறைக்கு 4 நிமிடம்கூட ஆகவில்லை.

கூரையடியில் திரண்டு கீழிறங்கும் அந்தக் கரும்புகை உண்மையில் எரிந்து முடியாத எரிபொருள். தவறான நேரத்தில் ஒரு ஜன்னல் உடைந்து காற்று புகுந்தால், புகையே குபீரென்று தீயாகும். எனவேதான் எந்தக் கதவை எப்போது திறப்பது என்பது உயிர்ப் பிரச்சினையாகிறது.

தரையோரம் புகையும் சூடும் குறைவு என்பதால் வீரர்கள் தவழ்ந்து போகிறார்கள், ஒரு கை சுவரை விடாமல். கையில் வெப்பப் படக்கருவி இருந்தால் கொஞ்சம் வழி தெரியும். அது பார்க்கும் அகச்சிவப்புக் கதிரின் அலைநீளம் சுமார் 10 மைக்ரான். கரித்துகள்கள் பெரும்பாலும் அதைவிட மிகச் சிறியவை என்பதால் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

ஒவ்வொருவர் உடுப்பிலும் ஒரு சிறு அலாரம் இருக்கும். அணிந்தவர் அரை நிமிடம் அசையாமல் கிடந்தால் அது அலறத் தொடங்கும். கண் உதவாத அந்த இருட்டில், விழுந்து கிடக்கும் தோழரை அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் தேடிப் போகிறார்கள்.