பின்னக் கணக்கும் வீட்டுப் படியும்

நான்கில் ஒரு பங்கு பெரிதா, எட்டில் ஒரு பங்கு பெரிதா என்று பள்ளிச் சிறுவரைக் கேட்டால், எட்டில் ஒன்றே பெரிது என்று சொல்வோர் உண்டு. நான்கைவிட எட்டு பெரிய எண்ணல்லவா என்பது அவர்கள் கருத்து. இப்பிழையைத் தொடக்கத்திலேயே களையாவிடில், பின்னர் விகிதமும் சதவீதமும் வட்டியும் விளங்காமற்போகும். வளர்ந்தபின் கடன் பத்திரத்தையும், பயிருக்கு மருந்து கலக்கும் அளவையும் பிறர் சொல்லி அறிய நேரிடும்.

ஏட்டுப் படிப்புக் குறைந்த நம்மால் என்ன செய்ய இயலும் என்று பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. அரையும் காலும் முக்காலும் நாம் அன்றாடம் புழங்குபவையே.

வீட்டில் பழைய படியும் உழக்கும் ஆழாக்கும் இருப்பின், அவற்றைக் குழந்தையிடம் கொடுப்போம். உழக்கால் நான்கு முறை நெல்லைக் கொட்டினால் படி நிறையும். ஆழாக்காலோ எட்டு முறை கொட்ட வேண்டும். பங்குகள் பெருகப் பெருக, ஒவ்வொரு பங்கும் சிறுக்கும் என்பதைக் குழந்தை கண்ணாற் காணும். உழக்கு, படியில் கால். ஆழாக்கு, அரைக்கால், அதாவது காலில் பாதி. பெயரே கணக்கைச் சொல்கிறது. படி இல்லையேல் ஒரே அளவுள்ள தம்ளர்கள் போதும்.

எழுத்து இதன் பின்னரே வரட்டும். கீழெண், முழுமையை எத்தனை சம பங்காக்கினோம் என்பதையும், மேலெண், அவற்றுள் எத்தனை எடுத்தோம் என்பதையும் குறிக்கும். 1/2, 1/4 இரண்டையும் கூட்டி 2/6 என்று குழந்தை எழுதினால் கடிந்துகொள்ள வேண்டாம். அரைப்படி நெல்லோடு ஓர் உழக்கைச் சேர்க்கச் சொல்வோம். கிடைப்பது முக்காற்படி. 2/6 அரையினும் குறைவு. கூட்டியபின் நெல் குறையுமா என்று குழந்தையே சிந்திக்கும்.

வயலும் ஒரு பள்ளியே. ஓர் ஏக்கர் 100 சென்ட்; அதில் பாதி 50 சென்ட். ஆனால் 4 ஏக்கரில் கால் பங்கு 100 சென்ட். ஆகவே, "எதில் கால்?" என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

வாசிப்பும் இதற்கு உதவும். 40 பக்கக் கதைநூலில் 10 பக்கம் முடிந்ததும், எத்தனை பங்கு படித்தாய், எவ்வளவு எஞ்சியுள்ளது என்று கேட்போம். எழுத்தறியாத தாயும் இதைக் கேட்கலாம்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் கட்டடம், குடிநீர் பற்றிப் பேசும்போது பிள்ளைகளின் கணக்கறிவைப் பற்றியும் விசாரிப்பது நன்று. ஊர் நூலகம் மாலையில் திறந்திருக்கவும் ஆவன செய்யலாம். இதற்கெல்லாம் பெரும் பொருட்செலவு இல்லை. குழந்தையோடு நாள்தோறும் சிறிது நேரம் அமர்ந்தால் போதும்.