சரிவும் சமனும்

நுழையும்முன்

ஓடுகின்ற நீரை நடக்கச் செய்ய வேண்டும். நடக்கின்ற நீரை நிற்கச் செய்ய வேண்டும். நிற்கின்ற நீரை மண்ணுக்குள் இறங்கச் செய்ய வேண்டும். நீர்ப்பிடிப்பு மேம்பாட்டுப் பணியாளர் நெடுங்காலமாகக் கூறிவரும் நெறி இது. சரிவான நிலத்தைத் தோட்டமாக்கும் கலை முழுவதும் இந்நெறிக்குள் அடங்கும். மேட்டுநிலங்களில் குடியிருப்புகள் பெருகிவரும் இக்காலத்தில் அக்கலையின் அறிவியலை அறிந்துகொள்வது இன்றியமையாதது.

மேட்டுநிலத்தின் விளிம்பில்

பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் தமிழகத்தின் எல்லையில் அமைந்துள்ளது ஓசூர். மைசூர்ப் பீடபூமியின் தொடர்ச்சியாக விளங்கும் இவ்வூர், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீ. உயரத்தில் உள்ளது. தேசிய நெடுஞ்சாலை 44 வழியே அங்கிருந்து 50 கி.மீ. அளவில் பயணம் செய்தால் கிருஷ்ணகிரியை அடையலாம். அவ்வூரின் உயரமோ ஏறத்தாழ 500 மீ. மட்டுமே. இடைப்பட்ட 400 மீ. இறக்கமும் சூளகிரி, இராயக்கோட்டை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பாறைக்குன்றுகளாகவும் செம்மண் சரிவுகளாகவும் விரிந்து கிடக்கிறது. ஓசூரின் அடையாளமாகிய சந்திரசூடேசுவரர் கோயிலும் ஒரு குன்றின் மீதே அமைந்திருக்கிறது.

1970களில் சிப்காட் தொழில் வளாகம் உருவான பின் ஓசூர் விரைந்து வளர்ந்தது. தொழிற்சாலைகளை நாடிப் பல மாவட்டத்தாரும் அண்டை மாநிலத்தாரும் வந்து குடியேறினர். சமநிலங்கள் நிரம்பியபோது வீட்டுமனைகள் சரிவுகளை நோக்கி நகர்ந்தன. உழவர் தலைமுறைகளாக வரப்பிட்டுக் காத்த சாய்நிலத்தை இன்று மண் அள்ளும் இயந்திரம் ஒரே பகலில் வெட்டிச் சமமாக்கிவிடுகிறது. வெட்டுவது எளிது. வெட்டிய நிலத்தை மழைக்கு முன் நிலைநிறுத்துவதே அரிது.

நீரின் கணக்கு

சரிவில் வீடோ தோட்டமோ அமைப்பவர் முதலில் அறிய வேண்டியது மழைநீரின் அளவாகும். ஒரு சென்ட் நிலம் ஏறத்தாழ 40 சதுர மீட்டர். பத்து சென்ட் மனையில் 5 செ.மீ. மழை பெய்தால், அந்நிலத்தின் மீது விழும் நீர் ஏறத்தாழ 20,000 லிட்டர் ஆகும். அதன் எடை 20 டன். சமநிலத்தில் இந்நீர் தேங்கி மெல்ல ஊறும். சரிவிலோ ஓடத் தொடங்கும். ஓட்டத்தின் விரைவு கூடக்கூட, மண்ணை அரித்துச் சுமந்து செல்லும் ஆற்றல் பன்மடங்காகப் பெருகும்.

அவ்வாறு அடித்துச் செல்லப்படுவது வெறும் மண்ணன்று. மட்கும் நுண்ணுயிர்களும் செறிந்த மேல்மண்ணாகும். ஒரு செ.மீ. மேல்மண் இயற்கையாக உருவாக நூறு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். அதனை இழப்பதற்கு ஒரு கோடைமழை போதும். சரிவிழந்த மண் ஓடைகளிலும் ஏரிகளிலும் படிந்து அவற்றின் கொள்ளளவைக் குறைக்கிறது. நந்தி மலைப்பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையையும் கிருஷ்ணகிரி அணையையும் கடந்து செல்கிறது. ஆகவே, மேட்டில் ஒருவர் தம் மனையை எவ்வாறு வெட்டுகிறார் என்பது பள்ளத்தில் வாழும் உழவரின் பாசனத்தோடும் தொடர்புடையது.

2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அதே புயலின்போது திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மேல் விழுந்ததில் குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தனர். சரிவில் வாழ்வோர்க்கு நீரின் கணக்கு உயிரின் கணக்காகவும் இருக்கிறது.

ஒரு சுவரா, மூன்று சுவர்களா?

சரிவைச் சமமாக்க இரு வழிகள் உள்ளன. நிலம் முழுவதையும் ஒரே தளமாக வெட்டி, ஓர் உயர்ந்த சுவரால் தாங்குவது ஒன்று. நிலத்தைப் பல படித்தளங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தாழ்ந்த சுவரால் தாங்குவது மற்றொன்று. எது சிறந்தது என்பதற்குக் கணிதமே விடை கூறுகிறது.

12 மீ. நீளத்தில் 3 மீ. இறங்கும் மனையொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சாய்வு 25 விழுக்காடு. மேற்பாதியை வெட்டி அம்மண்ணால் கீழ்ப்பாதியை நிரப்பி ஒரே தளமாக்கினால், மனையின் ஒவ்வொரு மீட்டர் அகலத்திற்கும் 4.5 கன மீட்டர் மண்ணை வெட்ட வேண்டும். அதே நிலத்தை 4 மீ. நீளமுள்ள மூன்று படித்தளங்களாக அமைத்தால், 1.5 கன மீட்டர் மண்ணை வெட்டினால் போதும். உழைப்பும் செலவும் மூன்றில் ஒரு பங்காகக் குறைகின்றன.

சுவரின் மீது மண் செலுத்தும் விசை, சுவரின் உயரத்தது இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. 1 மீ. உயரச் சுவர் தாங்கும் விசையை ஒன்று எனக் கொண்டால், 3 மீ. உயரச் சுவர் தாங்க வேண்டிய விசை ஒன்பதாகும். சுவரைக் கவிழ்க்க முயலும் திருப்புத்திறனோ 27 மடங்காகிறது. போதிய இடைவெளியில் அமைந்த மூன்று சிறு சுவர்கள், ஒரு பெருஞ்சுவரைவிட நெடுங்காலம் நிற்பதன் காரணம் இதுவே. ஒரு பெருஞ்சுவர் தவிர்க்க இயலாத இடத்தில், அதனைப் பொறியாளரின் வடிவமைப்பின்றி எழுப்புதல் கூடாது.

மட்டம் காணுதல்

படித்தளங்கள் சமவுயரக் கோட்டை ஒட்டி அமைய வேண்டும். சரிவின் குறுக்கே ஒரே உயரத்திலுள்ள புள்ளிகளை இணைக்கும் கோடே சமவுயரக் கோடாகும். இதனைக் காண விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. சம நீளமுள்ள இரு கழிகளின் மேல்முனைகளை இணைத்து, நடுவே ஒரு குறுக்குச் சட்டத்தைக் கட்டி, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் கருவி அணியமாகிவிடும். கழிகளை நிலத்தில் ஊன்றிக் கயிறு சட்டத்தைத் தொடும் இடத்தைக் குறிக்க வேண்டும். பின்னர் இரு கால்களையும் இடம் மாற்றி வைத்து மீண்டும் குறிக்க வேண்டும். இரு குறிகளுக்கும் நடுப்புள்ளியே மட்டத்தின் அடையாளம். சரிவில் கயிறு அப்புள்ளியில் நிற்குமாறு ஒரு காலை நகர்த்தி, முளைகளை அடித்துக்கொண்டே சென்றால் சமவுயரக் கோடு புலப்படும். கொத்தனார்கள் நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயைக் கொண்டும் இவ்வாறே மட்டம் பார்ப்பர்.

மண்ணும் கல்லும்

வெட்டத் தொடங்குமுன் மேல்மண்ணைத் தனியே எடுத்துக் குவித்து வைக்க வேண்டும். அடிமண்ணை வெட்டி நிரப்பித் தளம் அமைத்த பின், அம்மேல்மண்ணை மீண்டும் பரப்ப வேண்டும். இதனை மறந்தோரின் தோட்டத்தில் பல ஆண்டுகள் ஆயினும் செடி செழிப்பதில்லை. நிரப்பும் மண்ணை 15 முதல் 20 செ.மீ. அடுக்குகளாக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் ஈரப்படுத்தித் திமிசுக்கட்டையால் இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டிய மண், முதல் பெருமழையிலேயே அமிழ்ந்துவிடும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. சாந்தின்றி அடுக்கும் கற்சுவர் இவ்விடத்துக்கு ஏற்றது. அச்சுவரின் அடித்தளம் தரைமட்டத்திற்குக் கீழே, கெட்டியான மண்ணில் தொடங்க வேண்டும். அடி அகன்றும் மேல் குறுகியும், சுவர் முழுவதும் மேட்டுப்பக்கமாகச் சிறிது சாய்ந்தும் இருக்க வேண்டும். நீண்ட கற்கள் சில, சுவரின் குறுக்கே உள்நோக்கிச் சென்று மண்ணைப் பற்ற வேண்டும். சுவருக்குப் பின்னே ஜல்லியை நிரப்பினால், ஊறிய நீர் தடையின்றி வடியும். சாந்திட்டுக் கட்டும் சுவராயின் நீர் வெளியேறத் துளைகள் விடுதல் வேண்டும். சுவர்கள் பெரும்பாலும் மண்ணால் மட்டும் சாய்வதில்லை. அவற்றின் பின்னே வெளியேற வழியின்றித் தேங்கிய நீரால் சாய்கின்றன.

மழை மிகுந்த இடங்களில் படித்தளத்தை மேட்டுப்பக்கம் சற்றுத் தாழ்வாக அமைத்து, அங்கே ஒரு சிறு வாய்க்காலை ஓடவிடுவர். அவ்வாய்க்கால் மிகைநீரைப் பக்கவாட்டில் கற்கள் பதித்த வடிகாலுக்குக் கொண்டுசெல்லும். அவ்வடிகால் அண்டை வீட்டாரின் சுவரை நோக்கி முடியாதிருப்பது பொறியியல் மட்டுமன்று; அறமும் ஆகும்.

தெரிந்து தெளிவோம்

வெட்டிவேர் என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலம் உள்ளிட்ட உலகமொழிகளில் வழங்குகிறது. இப்புல்லின் வேர்கள் பக்கவாட்டில் பரவாமல் செங்குத்தாக 3 மீ. ஆழத்திற்கும் இறங்கவல்லவை. 1980களில் உலக வங்கியின் வல்லுநர்கள் இந்தியாவில் மேற்கொண்ட மண்காப்புப் பணிகளின் வாயிலாக, வெட்டிவேர் வேலி பல நாடுகளுக்குப் பரவியது.

வேரின் பணி

கல் தாங்கும், வேர் பிணைக்கும். படித்தளத்தின் விளிம்பில் வெட்டிவேரையோ எலுமிச்சைப்புல்லையோ நெருக்கமாக நட்டால், அது உயிருள்ள வரப்பாக வளரும். பெருமரங்களைச் சுவரை ஒட்டி நடுதல் ஆகாது. பருக்கும் வேர் கற்களைப் பெயர்த்துவிடும். ஓசூரின் மிதமான தட்பவெப்பம் ரோசாவுக்கு உகந்தது. அப்பகுதி மலர் சாகுபடிக்குப் பெயர்பெற்றது. நீர் தேங்காத படித்தளம் ரோசாவின் வேருக்கும் நலம் பயப்பது.

பழமையும் உலகமும்

குறிஞ்சி நிலத்து மக்கள் மலைச்சரிவுகளில் தினை விளைவித்ததைச் சங்க இலக்கியம் காட்டுகிறது. மலைச்சரிவைக் குறிக்கச் சாரல், அடுக்கம் எனத் தமிழில் தனிச்சொற்கள் உண்டு. நிலத்தை உற்றுநோக்கிய மக்களாலேயே அதன் வேறுபாடுகளுக்குப் பெயரிட இயலும். கொடைக்கானல் மலையின் பூம்பாறையில் மலைப்பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களை இன்றும் காணலாம். பிலிப்பைன்சு நாட்டு மலைத்தொடரில் இஃபுகாவோ மக்கள் அமைத்த நெல்வயல் படிகளை 1995இல் யுனெஸ்கோ உலக மரபுச்சின்னமாக அறிவித்தது. சாந்தின்றிக் கற்சுவர் எழுப்பும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் கலைக்கும் 2018இல் அந்நிறுவனத்தின் ஏற்பு கிடைத்தது.

இவ்வயல்கள் யாவும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. அவற்றை அமைத்தோர் மலையைத் தட்டையாக்க முயலவில்லை. மலை இறங்கும் வழியிலேயே படிகளை வகுத்தனர். ஆண்டுதோறும் சரிந்த கல்லை எடுத்து வைத்தனர், வாய்க்காலைத் தூர்வாரினர். படித்தளம் ஒருமுறை கட்டி முடிக்கும் பொருளன்று. பேணப்படும் வரையே அது நிற்கும். எல்லைப்புற நகரங்களின் சரிவுகளில் இன்று எழும் ஒவ்வொரு வீட்டிற்கும் இப்பேணுதல் கடமையாகிறது. மேட்டில் வாழ்பவர் நீரை நிறுத்தி வைத்தால், பள்ளத்தில் வாழ்பவர் அச்சமின்றி உறங்குவர்.

கற்பவை கற்றபின்

1. இரு கழிகள், ஒரு கயிறு, ஒரு கல் ஆகியவற்றைக் கொண்டு மட்டம் காணும் கருவியைச் செய்து, பள்ளி வளாகத்தில் ஒரு சமவுயரக் கோட்டைக் குறிக்க.
2. உங்கள் ஊரில் மழைநீர் மேட்டிலிருந்து செல்லும் வழிகளையும், அவற்றில் அடைபட்டுள்ள இடங்களையும் வரைபடமாக்குக.
3. நிலத்தின் மேடுபள்ளங்களைக் குறிக்க உங்கள் பகுதி மக்கள் வழங்கும் சொற்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.